டீச்சர் வீட்டு டூவே சுவிட்ச்

ஜன்னலைக் கொஞ்சம் சாத்தும்மா, சாரல் அடிக்குது. பை மடியிலயே இருக்கட்டும், மேல வச்சா மறந்துருவேன். இன்னைக்கு எனக்கு இருக்குற கோவத்துல என்னையே எங்கயாச்சும் மறந்து வச்சிட்டுப் போயிருவேன்.

அருப்புக்கோட்டைக்குப் போறேன். எங்க அண்ணன் வீடு. விசேஷமெல்லாம் ஒண்ணுமில்ல. விசேஷத்துக்குப் போறவ வீட்டுல கட்டுன சேலையோட, ஒத்தப் பையைத் தூக்கிட்டா போவா? நீ வாயத் தொறந்து கேக்கல. ஆனா கேக்குற மாதிரி பாக்குற. அதனால நானே சொல்லிடுறேன். எனக்கும் எங்க வீட்டுக்காரருக்கும் சண்டை. ஒரு சுவிட்சால வந்த சண்டை.

சிரிக்காதம்மா. முழுசாக் கேட்டுட்டுச் சிரி.

என் பேரு தங்கமாரி. சிவகாசிதான். அவரு சீனிராஜ், வயர்மேன். இருபத்திரண்டு வருஷமா இந்த வேலைதான் பாக்குறாரு. சிவகாசியில பாதி வீட்டுல அவரு இழுத்த வயர்தான் ஓடுது. கல்யாணமாகிப் பத்தொம்பது வருஷம். ஒரே பொண்ணு, கோயம்புத்தூர்ல நர்சிங் படிக்குது.

வீட்டுல கீழ ஒரு ரூமு, அடுப்பங்கரை. மாடியில தகரக் கொட்டகை. அங்கதான் எனக்கு வேலை. தேதி கிழிக்கிற காலண்டர் இருக்குல்ல, அந்தத் தாள் கட்டை அட்டையில வச்சுப் பின் அடிக்கணும். இப்போ சீசனு. ஒரு நாளைக்கு நானூறு, ஐநூறு அட்டை. பொழுது சாஞ்சதும் எல்லாத்தையும் அடுக்கி, ரெண்டு கையாலயும் அணைச்சுப் பிடிச்சு, மேல தாடையால முட்டுக் குடுத்து, படி இறங்கிக் கொண்டாரணும். ஏழெட்டு நடை. பதினாலு படி. நடுவுல ஒரு திருப்பம், அந்தத் திருப்பத்துல ஒரு பல்பு. அந்தப் பல்புக்கு சுவிட்ச் எங்க இருந்துச்சு தெரியுமா? கீழ. கீழ மட்டும்தான்.

வயர்மேன் வீடும்மா இது!

நான் மேல நின்னுக்கிட்டு, "ஏங்க, லைட்டு"ன்னு ஒரு சத்தம் குடுக்கணும். அவரு வந்து போடுவாரு. போட்டுட்டு நான் இறங்கி முடிக்கிற வரைக்கும் கீழயே நிப்பாரு. எதுக்கு நிப்பாருங்கிற? அணைக்கத்தான். கரண்டு வீணாப் போயிரக் கூடாதாம். அப்படி ஒரு கஞ்சம். சீசன்னா சாயங்காலம் அஞ்சரைக்கெல்லாம் வீட்டுக்கு வந்துருவாரு. மத்த வயர்மேனெல்லாம் எட்டு மணி வரைக்கும் ஓடி ஓடி வேலை பாக்குறாங்க. இவரு அஞ்சரைக்கு வந்து நாற்காலியைப் போட்டுப் படிக்கு எதிர்க்க உக்காந்துருவாரு. உடம்பு வளையாது.

நானும் கேட்டேன், ஒரு தடவை இல்ல, நூறு தடவை கேட்டேன். "ஊருக்கெல்லாம் மாடிப்படிக்கு டூவே போடுறீங்களே, நம்ம வீட்டுக்கு ஒண்ணு போட்டா என்ன? நானே மேல போட்டுக்குவேன், கீழ வந்து அணைச்சுக்குவேன்." அதுக்கு ஒரே பதில்தான் வரும். "நான் இருக்கேன்ல. கூப்பிட்டா வர மாட்டேனா?" அதோட முடிஞ்சது. பேப்பரை எடுத்து விரிச்சிருவாரு.

சரி, இது நம்ம தலையெழுத்துன்னு இருந்துட்டேன். அப்பதான் அந்த டீச்சர் வந்தா.

ஞானசெல்வின்னு பேரு. டிராயிங் டீச்சர். கல்யாணம் பண்ணிக்கல. என்னைய விட ரெண்டு வயசு கூட இருக்கும், ஆனா பாத்தாத் தெரியாது. நெட்டை. என்னையத்தான் பாக்குறியே, நாலேமுக்கால் அடி. அவ எங்க வீட்டுக்காரரு காது உயரத்துக்கு இருப்பா. பொழுது மங்குனா அவளுக்குக் கண்ணு சரியாத் தெரியாதாம். மாடிப்படியில ரெண்டு தடவை விழுந்துட்டாளாம். அதனால டூவே சுவிட்ச் போடணும்னு இவரைக் கூப்பிட்டுவிட்டா.

டூவே போடுறதுங்கிறது பொழுதோட பொழுது முடிஞ்சிர்ற வேலை. எனக்கே தெரியும், இத்தனை வருஷம் வயர்மேனுக்குச் சோறு போட்டிருக்கேன். இவரு மூணு நாள் போனாரு. மூணு நாள்! பழைய வயர், பைப்பு அடைச்சிருக்கு, சுவரு பொத்துப்போகுதுன்னு ஆயிரம் சொன்னாரு. வேலை முடிச்சு வர்ற மனுசன் எப்படி வரணும்? சிமெண்டுத் தூசியும் வேர்வையுமா வரணும். இவரு மூஞ்சி கழுவிட்டு வந்தாரு. சோப்புப் போட்டு! எங்க வீட்டு சோப்பு வாசனையும் இல்ல அது. நான் மோந்து பாத்துட்டேன். மோந்து பாக்கத்தான செய்வேன், எம் புருசன்தான?

"அந்த டீச்சர் பாவம்"னாரு சாப்பிடும்போது. அவரு வாயில இருந்து யாரையும் பாவம்னு நான் கேட்டதே இல்ல. எங்கம்மா செத்தப்பக் கூட, "வயசாயிருச்சுல்ல"ன்னுதான் சொன்னாரு. அவளுக்கு மட்டும் பாவம். எனக்கு வயிறு எரிஞ்சது. பொறாமைதான். உன்கிட்டச் சொல்றதுக்கு என்ன, நீ என்ன எங்க தெருவா?

மூணாம் நாளு அவரு சோத்தை மறந்துட்டுப் போயிட்டாரு. மறந்தாரா, நான் எடுத்துக் குடுக்கலையா, அதை விடு. தூக்குச்சட்டியை எடுத்துக்கிட்டு அந்த வீட்டுக்குப் போனேன். இவரு அங்க இல்ல, மிச்ச வேலைக்குப் பைப்பு வாங்கக் கடைக்குப் போயிருக்காராம். அவதான் கதவைத் தொறந்தா. கதர்ச் சேலை, கண்ணாடி, கையெல்லாம் கலரு.

"வாங்க, வாங்க, தங்கமாரிதானே? சீனி சார் சொல்லியிருக்கார்"னா.

சாரு! எங்க தெருவுல சின்னப் பிள்ளை கூட அவரை ஒயரு மாமான்னுதான் கூப்பிடும். இங்க சாரு.

"என்ன சொன்னாரு என்னையப் பத்தி?"ன்னு கேட்டேன்.

"நீங்க ரெண்டு கையிலயும் சுமையோட மாடிப்படி இறங்குவீங்களாமே. அதைப் பார்த்துப் பார்த்துத்தான் படிக்கட்டு லைட் எங்க வேணும்னு கத்துக்கிட்டேன்னார்."

பாத்தியாம்மா? என்னையச் சுமை தூக்குறவன்னு அங்க போயிச் சொல்லி வச்சிருக்காரு. பொண்டாட்டியப் பத்திச் சொல்ல வேற ஒண்ணுமே கிடைக்கல. சமையல் நல்லாப் பண்ணுவாங்கன்னு சொல்லியிருக்கலாம்.

அவ என்னைய விடல. "வாங்க, சுவிட்சைப் பாருங்க"ன்னு கையைப் பிடிச்சு இழுத்துட்டுப் போனா. புதுசா வெள்ளை வெளேர்னு இருந்துச்சு. கீழ ஒண்ணு, மேல ஒண்ணு. பக்கத்துல சுவத்துல ஒரு பென்சில் கோடு. அதைத் தடவிக் காமிச்சு அவ சொல்றா: "சார் ரொம்ப வித்தியாசமான ஆளு. அளவு டேப்பே எடுக்கலை. என்னைக் கண்ணை மூடிக்கிட்டுப் படி ஏறி வரச் சொன்னார். 'பயப்படாதீங்க, நான் பின்னால வர்றேன், இருட்டுல வர்ற மாதிரி வாங்க, மேல வந்ததும் கையைச் சுவத்துல வைங்க'ன்னார். கை எங்க பட்டுச்சோ அங்க கோடு போட்டார். இப்போ எந்த இருட்டுல வந்தாலும் என் கை நேராச் சுவிட்சுலதான் விழுது."

சொல்லிட்டு சிரிக்கிறா. பச்சைப் பிள்ளை மாதிரி சிரிக்கிறா.

எனக்கு அந்தப் படியிலயே உக்காந்துரலாம் போல இருந்துச்சு. கண்ணை மூடச் சொன்னாராம்! பின்னால வர்றேன்னாராம்! பத்தொம்பது வருஷத்துல என்னைய ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, கண்ணை மூடுன்னு சொன்னது கிடையாது. ஒரு சேலை வாங்கிட்டு வந்தாக்கூட கட்டில்ல போட்டுட்டு, "இந்தா, அளவு சரியான்னு பாரு"ம்பாரு. சேலைக்கு என்னம்மா அளவு?

அவ டீ போட உள்ள போன நேரம் நானும் கண்ணை மூடிக்கிட்டு அந்தப் படியில ஏறிப் பாத்தேன். கையை வச்சேன், சுவருதான் இருந்துச்சு. இங்கிட்டுத் தடவுறேன், அங்கிட்டுத் தடவுறேன், சுவிட்சு தட்டுப்படவே இல்ல. கண்ணைத் தொறந்து பாத்தா என் தலைக்குப் பக்கத்துல இருக்கு. நெட்டைக் கைக்குன்னே வச்சது. டீயைக் குடிக்காம வந்துட்டேன். 

அன்னைக்குச் சாயங்காலம் பிடிச்சேன் அவரை. "எனக்கும் டூவே வேணும்."

"நான் இருக்கேன்ல"ன்னாரு.

"நீங்க என்ன சுவிட்சா?"

அவரு பேப்பரை இறக்கிப் பிடிச்சாரு. அப்புறம், "இத்தனை வருஷம் இருந்தேன்ல"ன்னாரு. அது என்ன பதிலு? எனக்கு இன்னும் கோவம் வந்துருச்சு. "ஊருல இருக்குறவளுக்கெல்லாம் கோடு போட்டு வைக்கத் தெரியுது, கட்டுனவ இருட்டுல நின்னு கத்தணுமா? இனிமே உங்களைக் கூப்பிட மாட்டேன். போட்டா டூவே போடுங்க, இல்லாட்டி நான் உருண்டு விழுந்து சாகுறேன்"னேன். அவரு பேப்பரை மடிச்சு வச்சிட்டு, "சரி, போட்டுர்றேன்"னாரு. அவ்வளவுதான்.

மறுநாளு ஞாயித்துக்கிழமை. காலையில எந்திரிச்சுக் குளிச்சேன். சொல்லவே வெக்கமா இருக்கு. நல்ல சேலையா எடுத்துக் கட்டி, தலைக்குப் பூ வச்சு, படிக்குக் கீழ போயி நின்னேன். எதுக்கு? கண்ணை மூடச் சொல்வாருல்ல, அதுக்கு. மனுசன் ட்ரில்லை எடுத்துட்டு வந்து என்னையப் பாத்து என்ன சொன்னாரு தெரியுமா? "தள்ளி நில்லு, தூசி விழும்"னாரு.

மேல போனாரு. அளக்கல. டேப்பு இல்ல, பென்சில் இல்ல, என்னைய ஏறெடுத்துக் கூடப் பாக்கல. சுவத்துல கையை வச்சாரு, ட்ரில்லை வச்சாரு, டர்ர்ருன்னு ஓட்டையைப் போட்டாரு. மத்தியானச் சோத்துக்குள்ள முடிஞ்சது. அவளுக்கு மூணு நாளு, எனக்கு அரை நாளு.

அதுவும் எந்த உயரத்துல வச்சாருங்கிற? எல்லா வீட்டுலயும் சுவிட்ச் தோள் உயரத்துக்கு இருக்கும்ல? இது ரொம்பத் தாழ்வா இருக்கு. இடுப்புக்குக் கொஞ்சம் மேல. எங்க பக்கத்து வீட்டுப் பேச்சி வந்து பாத்துட்டு, "என்னக்கா, பிள்ளைக வெளையாடுறதுக்கு வச்ச மாதிரி இருக்கு"ன்னா. எனக்கு மானம் போச்சு. கையைத் தூக்கக் கூடச் சோம்பேறித்தனம், எட்டுன எடத்துல வச்சிட்டாருன்னு நெனச்சேன். வேற என்ன நெனைக்க?

இல்ல இல்ல, எரியாம இல்ல, நல்லா எரியுது. குத்தம் சொல்லக் கூடாது. அட்டையை அணைச்சுக்கிட்டு வந்து அப்படியே முழங்கையால ஒரு இடி இடிச்சாப் போதும், எரிஞ்சிரும். சுமையை இறக்கி வைக்கவே வேண்டாம். அது வேற விஷயம். நான் சொல்ல வந்தது, அவரு கேக்கலையேங்கிறதைத்தான்.

இந்த டூவேல ஒரு தொல்லை இருக்கும்மா. சாதா சுவிட்சப் பாத்தாலே தெரியும், அமுங்கியிருந்தா எரியுது, தூக்கியிருந்தா அணைஞ்சிருக்குன்னு. இதுல தெரியாது. மேல அமுக்குனதுக்குக் கீழ இருக்கறது மாறி நிக்கும், கீழ அமுக்குனா மேல இருக்கறதுக்கு அர்த்தம் மாறிரும். எங்க வீட்டுக்காரரு மூஞ்சி மாதிரி. எரியுதா அணைஞ்சிருக்கான்னு பாத்துக் கண்டுபிடிக்க முடியாது.

சுவிட்ச் போட்டுப் பதினோரு நாளாச்சு. இந்தப் பதினோரு நாளா அவரு படிக்கட்டுப் பக்கமே வரல. நாற்காலியை எடுத்து வாசல்ல போட்டுக்கிட்டாரு. எட்டு மணிக்கு வர்றாரு வேலை முடிச்சு. நானே போட்டு, நானே இறங்கி, நானே அணைக்கிறேன். கேட்டது கிடைச்சிருச்சு, என்ன குறைச்சல்? ஒண்ணுமில்ல. ஆனா வீடே ஏதோ மாதிரி இருக்கு. பேச்சு சத்தமே இல்ல. முந்தி இறங்கி வரும்போது, "பாத்து, திருப்பத்துல பாத்து"ம்பாரு. பதினாலு படிக்கும் ஏதாச்சும் பேசிக்கிட்டே நிப்பாரு. குழம்பு என்னம்பாரு, பொண்ணு போன் பண்ணுச்சாம்பாரு. இப்போ அதெல்லாம் அந்த டீச்சர்கிட்டப் பேசுறாரோ என்னமோன்னு எனக்கு நெனப்பு ஓடுது.

இன்னைக்கு அவரு மத்தியானமே வந்துட்டாரு, மழைன்னு வேலை இல்ல. நாலரை மணி இருக்கும், மேகம் கருத்து ஒரே இருட்டு. நான் மேல இருந்து முதல் கட்டு அட்டையைத் தூக்கினேன். பழக்க தோஷத்துல வாயில வந்துருச்சு, "ஏங்க, லைட்டு"ன்னு. வாசல்ல இருந்து சத்தம் வருது, "அதான் உன் பக்கத்துலயே இருக்குல்ல."

அவ்வளவுதான்மா. அட்டையை அப்படியே மேல வச்சேன். இறங்கி வந்து பையில ரெண்டு சேலையை வச்சேன். "அண்ணன் வீட்டுக்குப் போறேன்"னேன். ஏன், எதுக்குன்னு ஒரு வார்த்தை? இல்ல. "குடை எடுத்துக்கிட்டியா?"ன்னு கேட்டாரு. வேற ஒருத்தரா இருந்தா வாசல்ல மறிச்சு நின்னிருப்பாங்க. இவரு குடையைக் கேக்குறாரு.

இப்பச் சொல்லு, நான் கிளம்புனது தப்பா?

இரு, போன் அடிக்குது. அவரேதான். எடுக்கவா? எடுக்க மாட்டேன். அடிக்கட்டும். விடாம அடிக்கிறாரே. சரி, அண்ணன் வீட்டுக்குப் போயிச் சேந்தியான்னு கேப்பாரு, எடுத்துட்டு வச்சிர்றேன்.

ம், சொல்லுங்க. பஸ்லதான். இன்னும் விருதுநகரே வரல. என்னது? மேலயா? மேல என்ன பண்றீங்க? ஐயோ, அட்டை! கொட்டகைல ஒழுகுதா? எல்லாம் நனைஞ்சிருச்சா? சரி சரி, தூக்கிட்டு வாங்க கீழ. இருட்டா இருந்தா லைட்டைப் போட்டுக்கிட்டு வாங்க.

என்னதுங்க? நான் போடணுமா? நான் எங்க இருந்து போட? கையை நீட்டுங்க, பக்கத்துலதான இருக்கு, நீங்க வச்ச சுவிட்சுதான! தட்டுப்படலையா? அது எப்படித் தட்டுப்படாம இருக்கும்? எனக்கு வந்து நின்ன உடனே கிடைக்குது. மேல தடவாதீங்க, அங்க இல்ல. கீழ. இன்னும் கீழ. உங்க உயரத்துக்கு இல்லங்க, இடுப்புப் பக்கம் வாங்க. அட்டையைப் பிடிச்சிருக்கும்போது என் முழங்கை எங்க வருமோ, சரியா அந்த...

...

இல்ல, இருக்கேன். லைன்லதான் இருக்கேன். சிக்னல் போகல.

கிடைச்சிருச்சா? எரியுதா? சரி. அட்டையைக் கட்டில் மேல வைங்க, தரையில வைக்காதீங்க. ஏங்க, உங்க போன்ல டார்ச் இருக்குல்ல? இருக்குல்ல? பின்ன என்னத்துக்கு என்கிட்ட லைட்டைக் கேட்டீங்க? ம்? சரியாக் கேக்கல, சத்தமாச் சொல்லுங்க. சும்மாவா? சும்மா கூப்பிட்டுப் பாத்தீங்களா?

வைக்கிறேன். பஸ்ல எல்லாரும் பாக்குறாங்க. திருப்பத்துல பாத்து இறங்குங்க.

...

நீ என்னம்மா சிரிக்கிற? கேட்டுக்கிட்டா இருந்த? கேட்டா கேட்டுக்கோ. டார்ச் இருக்குற போனைக் காதுல வச்சுக்கிட்டு இருட்டா இருக்குன்னு சொல்ற ஆளைப் பாத்திருக்கியா நீ? இருபத்திரண்டு வருஷமா வயர்மேன். தான் வச்ச சுவிட்ச் தனக்கே கிடைக்கலையாம்.

எப்படிக் கிடைக்கும்? அது அவரு கைக்கு வச்சதே இல்லையே. கைக்கே வச்சதில்ல. சுமையோட நான் வந்து நின்னா முழங்கை எங்க நிக்குமோ அங்க வச்சிருக்காரு. அளக்காம. என்னையப் பாக்காம. படிக்குக் கீழ பத்தொம்பது வருஷம் நின்னு என்னத்தைப் பாத்துக்கிட்டு இருந்தாருன்னு இப்பத்தான்மா எனக்குத் தெரியுது. நான் என்னடான்னா கரண்டைக் காப்பாத்துறாருன்னு நெனச்சுக்கிட்டு இருந்திருக்கேன்.

அழல. சாரல் பட்டுருச்சு. ஜன்னலைச் சாத்தச் சொன்னேன்ல உன்னைய.

ஏம்மா, விருதுநகர்ல எறங்குனா சிவகாசிக்கு உடனே வண்டி இருக்கும்ல? இருக்கும், பத்து நிமிசத்துக்கு ஒண்ணு ஓடுது. அவருக்காக ஒண்ணும் போகல, அவரு கிடக்குறாரு. காலையில டீச்சர் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்புறதுக்கு முன்னாடி நான் அவ வீட்டுக்குப் போயாகணும். கையைப் பிடிச்சு இழுத்துக் கூட்டிட்டு வந்து எங்க வீட்டு மாடியில நிப்பாட்டணும். நிப்பாட்டி, "டீச்சர், கண்ணை மூடிக்கிட்டு இந்த சுவிட்சைக் கண்டுபிடிங்க பாப்போம்"னு கேக்கணும்.